இரவல் தணல்

ஷெரீஃப் பெரின் அவர்களுக்கு,

உங்கள் மனைவி அனுப்பிய காபிக்கு முதலில் நன்றி. சிக்கரி கொஞ்சம் தூக்கல், ஆனால் சூடாக இருந்தது. இந்த வயதில் எனக்கு அது போதும். பேனாவுக்கும் நன்றி. உங்கள் உதவியாளர் கார்ல் நேற்று நான் சொல்லச் சொல்ல எழுதிய வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். கார்லுக்கு எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்ததே நான்தான், அதனால் குறை சொன்னால் பழி என் தலையில்தான் விழும். இருந்தாலும் அதில் கையெழுத்துப் போட முடியாது. "மறதியால்" என்று ஒரு சொல் அதில் இருக்கிறது. அது தவறு. எனவே நானே எழுதித் தருகிறேன். எழுதுவதுதானே என் தொழில்.

நேற்று நான் வந்தபோது நீங்கள் என்னை நம்பவில்லை என்பதில் எனக்கு வருத்தமில்லை.

"மிஸ் ஆர்ஃபா, ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க," என்றீர்கள். "வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்க. புகைபோக்கியில இருந்த சாக்க எடுக்காம விட்டது ஹைரம் பாக்ஸ். அவன் எப்பத் தெளிவா இருந்தான், சொல்லுங்க? அவனே அழுதுக்கிட்டு ஒத்துக்கிட்டான்."

"அவன் எதை வேணும்னாலும் ஒத்துக்குவான், லூதர். நீங்க கேக்குற தோரணை அப்படி."

நீங்கள் சிரித்தீர்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தோப்பைப் பெருக்குவதும் வேலியைச் சரிபார்ப்பதும்தான் ஹைரமின் வேலை. புகைபோக்கியை அவன் தொட்டதே இல்லை. பறவைகள் கூடு கட்டாமல் இருக்க அதைச் சாக்கால் அடைப்பதும், விழா நாள் காலையில் கொக்கிக் கம்பால் சாக்கை இழுத்து எடுப்பதும் ஒவ்வோர் ஆண்டும் நான்தான். குடித்துவிட்டு எல்லாவற்றையும் மறக்கிற மனிதன், தான் செய்யாத வேலையையும் செய்ய மறந்ததாக நம்பிவிட்டான். கடைத்தெருவில் சாராயப் புட்டியை ஆட்டிக் காட்டி அவனைக் கொலைகாரன் என்கிறார்களாம். அது பதிவேட்டிலும் ஏறிவிட்டால் அப்புறம் யாராலும் திருத்த முடியாது. தவறான ஒரு செய்தி எழுத்தில் நிற்பதை என்னால் பொறுக்க முடியாது, அதனால்தான் வந்தேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். வாக்குமூலத்தை நாளைக்கு வெளியூர் நீதிபதி ஒருவர் படிக்கக்கூடும்.

நம் ஸ்ட்ரவுட் மாவட்டத்தில் ஆகஸ்ட் மாதம் ஓக் தோப்பில் முன்னோர் விழா நடக்கிறது. இந்த மண்ணில் முதலில் குடியேறியவர்களில் உயிரோடு இருப்பவர்களிலேயே மூத்தவரை 'மூத்த குடி' என்று அழைத்து, கேப்டன் ஸ்ட்ரவுட்டின் மரவீட்டு வாசலில் ஆடும் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறோம். ஆற்றங்கரையில் கேப்டன் கட்டிய அதே வீடுதான். கட்டை கட்டையாகப் பிரித்துக் கொண்டுவந்து தோப்பில் மறுபடி நிறுத்தியிருக்கிறோம். கதவுகூட அதே கதவு. மூத்த குடி நாற்காலியில் இருந்து சொல்வதை யாரும் மறுத்துப் பேசக் கூடாது, சொன்னபடியே ஆவணத்தில் ஏற்ற வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவள் நான். அப்போது நாற்காலியில் ஆமோஸ் டட்டில் இருந்தார். என்னோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறவர்.

மாவட்ட வரலாற்றை எழுதுவதற்கு முன் நான் யாராக இருந்தேன் என்று உங்களுக்கு நினைவிருக்காது. பள்ளிக்கூட வாத்தியாருடைய கல்யாணமாகாத மகள். விருந்துகளில் பிள்ளைகளோடு உட்கார வைக்கப்படுகிறவள். பன்னிரண்டு ஆண்டுகள் சேற்றிலும் பனியிலும் வாடகை வண்டியில் வீடு வீடாகப் போனேன். மருந்து வாடை அடிக்கிற அறைகளில் உட்கார்ந்து, ஒரே கரடியை ஏழு கிழவர்கள் தனித்தனியாகச் சுட்ட கதையைக் கேட்டேன். கேட்டுக் கேட்டு எழுதி, அடித்து எழுதி, கண் போயிற்று, கை விரல்கள் மடங்காமல் போயின. புத்தகம் வந்த பிறகு நான் வந்தால் ஆண்கள் எழுந்து நின்றார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தது.

அந்தப் புத்தகத்தில் எல்லோருக்கும் பிடித்தது முதல் குளிர்கால அத்தியாயம். பனிப்புயலில் குடியிருப்பு முழுவதும் அடுப்புகள் அணைந்துவிட்டன. தீக்குச்சி கிடையாது. கேப்டன் வீட்டில் மட்டும் நெருப்பு இருந்தது. அவருடைய மனைவி மெஹிட்டபெல் வாசலில் நின்று, இரும்புச் சட்டியோடு வந்த எல்லோருக்கும் தணல் அள்ளிக் கொடுத்தார். "அந்தக் கதவைத் தட்டிய எவரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை" என்று அந்த அத்தியாயத்தை முடித்திருந்தேன். நான் எழுதியவற்றில் சிறந்த வாக்கியம் அதுதான். பாதிரியார் ஈஸ்டர் அன்று அதை வைத்துப் பேசினார். வெண்கலத் தகட்டில் வார்த்து அந்தக் கதவுக்குப் பக்கத்தில் பதிப்பதாக விழாக் குழு முடிவு செய்தது. இந்த ஆண்டு திறப்பு.

இரவல் தணல் எடுக்கிற வழக்கமும் அந்த அத்தியாயத்திலிருந்து வந்ததுதான். விழாவன்று ஒரு வீட்டு அடுப்பிலிருந்து தணலை மூடி போட்ட இரும்புச் சட்டியில் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் ஊர்வலமாக வந்து, மரவீட்டுக் கணப்பு அடுப்பில் கொட்டுவார்கள். அதை ஆரம்பித்துப் பத்தாண்டுகூட ஆகவில்லை. ஆனால் இப்போதே பலர் தங்கள் பாட்டனார் சட்டி தூக்கிய கதையைச் சொல்கிறார்கள். நான் திருத்துவதில்லை. அதில் யாருக்கும் கெடுதல் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

வசந்தத்தில் ஆமோஸ் டட்டில் இறந்தார். அடுத்த மூத்த குடி தெக்லா யோஸ்ட்.

தெக்லா அத்தை சிறுமியாக இருந்தபோதே இங்கிருந்து போய்விட்டவர். நெப்ராஸ்காவில் வாழ்ந்து, சமீபத்தில்தான் அண்ணன் மகள் முறையாகிற பெர்த்தா லாங் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அப்படி ஒரு யோஸ்ட் பெண் உயிரோடு இருப்பது புத்தகம் எழுதும்போதே எனக்குத் தெரியும். எழுதிக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். செய்ய வேண்டிய வேலைகள் அப்போது நிறைய இருந்தன.

ஜூன் கடைசியில் தகட்டின் வாசகத்தைப் படித்துக் காட்டலாம் என்று அவரைப் பார்க்கப் போனேன். சமையலறையில் செர்ரிப் பழங்களுக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கை இரண்டும் சிவப்பு. நான் படித்து முடித்ததும் அவர் சிரித்தார்.

"யாரு, மெஹிட்டபெல்லா குடுத்தா? அவ வீட்டுப் பூனைக்கே பால அளந்துதானே ஊத்துவா."

"எல்லாருக்கும் குடுத்தாங்கன்னு ஆமோஸ் டட்டில் சொன்னாரே, அத்தை."

"ஆமோஸுக்குக் கிடைச்சிருக்கும். அவங்கப்பன் கேப்டனுக்கு மச்சான். எங்க வீட்ல காய்ச்சல். எங்கம்மா ஒரு கையில சட்டி, ஒரு கையில நானு. இடுப்பு வரைக்கும் பனி. வந்து கதவத் தட்டுனா. உள்ள வெளிச்சம் தெரியுது, பேச்சுச் சத்தம் கேக்குது. தட்டுனா, தட்டிக்கிட்டே இருந்தா. உள்ள பேச்சு நின்னுபோச்சு. அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. வெறும் சட்டியோட வீட்டுக்கு வந்தோம். விடியறதுக்குள்ள அப்பா போயிட்டாரு. தொட்டில்ல கெடந்த தம்பியும் போயிட்டான். அந்த வாரமே அம்மாவும். என்னை ஒரு வண்டிக்காரன் தூக்கிட்டுப் போனான்." ஒரு பழத்தை எடுத்துக் கொட்டையை நீக்கினார். "உன் புத்தகத்துல எங்களப் பத்தி என்னம்மா போட்டிருக்கே?"

யோஸ்ட் குடும்பம் முதல் குளிர்காலத்துக்குப் பின் வேறிடம் பெயர்ந்தது என்று எழுதியிருந்தேன். அதைச் சொன்னேன்.

"பெயர்ந்தோம்," என்றார். "ஆமா, அப்படியும் சொல்லலாம். கொஞ்சம் செர்ரி எடுத்துட்டுப் போறியா?"

நான் அவரை அந்த இடத்திலேயே நம்பினேன். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பொய்யைக் கேட்டு வந்தவளுக்கு அது தெரியும். பொய் சொல்கிறவர்கள் ஓநாயைக் கொண்டுவருவார்கள். தெக்லா அத்தையின் கதையில் ஓநாயே இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கேப்டனின் மூத்த மகள் ஒருமுறை என்னிடம், "சுத்தபத்தமா இருந்தவங்க எல்லாருக்கும் அம்மா குடுத்தாங்க" என்று சொல்லியிருந்தார். அந்த முதல் இரண்டு சொற்களை நான் புத்தகத்தில் சேர்க்கவில்லை. வாக்கியம் அவை இல்லாமல் நன்றாக இருந்தது.

செர்ரியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எனக்கு வந்தது கோபமல்ல, களைப்பு. அந்த அத்தியாயத்தை மறுபடி எழுத வேண்டும் என்று நினைத்தபோதே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். தகடு வார்த்தாகிவிட்டது. பள்ளிகளில் அந்த வாக்கியத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து அந்த அம்மாள் இதைச் சொன்னால் யாரும் மறுக்க முடியாது, நானே அதை ஆவணத்தில் ஏற்ற வேண்டும். பிறகு ஒரு கிழவர் பாக்கியில்லாமல் வந்து, இதை நீ இப்படி எழுதினாய், அதை அப்படி எழுதினாய் என்பார்கள். ஒரு நூலை இழுத்தால் முழுத்துணியும் வரும். நான் மறுபடி விருந்துகளில் பிள்ளைகளோடு உட்கார வேண்டும்.

வேறு வழியும் பார்த்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வெயிலில் கூட்டத்தில் உட்கார வைத்தால் அத்தைக்குத் தாங்காது என்று பெர்த்தாவிடம் சொன்னேன்.

"அத்தைக்கா? நீங்க வேற, மிஸ் ஆர்ஃபா," என்றாள் அவள். "போன வாரம் கூரை மேல ஏற ஏணி கேட்டாங்க. இப்பவே தொப்பிக்குப் புது நாடா வச்சுத் தச்சாச்சு. போகக் கூடாதுன்னு சொன்னா என்னை அடுப்புல வச்சுடுவாங்க."

மூத்த குடியின் பேச்சை இந்த ஆண்டு விட்டுவிடலாம் என்று விழாக் குழுவிடமும் சொன்னேன். விதி போட்டவரே விதியை மீறலாமா என்று கேட்டுச் சிரித்தார்கள். அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது.

இப்போது சாக்கு விஷயம். கார்ல் எழுதியதில் நான் சாக்கை எடுக்க மறந்தேன் என்றும், மதியம் போல நினைவு வந்தது என்றும் இருக்கிறது. நேற்று நான் அப்படித்தான் சொன்னேன். சொல்லும்போது எனக்கே அது உண்மையாகத்தான் பட்டது. உண்மையில் விழாவன்று காலை கொக்கிக் கம்போடு போனேன். கணப்புக்குள் தலையை விட்டு அண்ணாந்து பார்த்தேன். சாக்கு நன்றாக இறுகி இருந்தது. கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, தரையைப் பெருக்கி, சன்னல் பலகையைச் சாத்திவிட்டு வந்தேன். கட்டைகளுக்கு நடுவே இருந்த சந்துகளை வசந்தத்திலேயே களிமண் வைத்து அடைக்கச் சொல்லியிருந்தேன், கேப்டன் காலத்தில் இருந்தது போலவே. அது ஏப்ரலில், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தணல் ஊர்வலம் நன்றாக நடந்தது. இந்த ஆண்டு சட்டியைப் பிடித்து வந்தது உங்கள் மகள் ரூபி. ஒரு கங்குகூடக் கீழே சிந்தவில்லை. நன்கு எரிந்து சாம்பல் பூத்த தணல், புகை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. ரூபியிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பொரித்த கோழியும் உருளைக்கிழங்கும் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரமும் சாப்பிட்டாயிற்று. பேச்சுக்கு முன் தெக்லா அத்தை கொஞ்சம் கண்ணயரட்டும் என்று நான் சொன்னது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. மரவீட்டுக்குள் கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்க வைத்தேன். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இந்தக் கதவுக்கு உள்பக்கம் எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்," என்றார். "சின்னதாத்தான் இருக்கு. எவ்வளவு பெரிசா நினைச்சுக்கிட்டிருந்தேன்."

குளிருகிறது என்றார், வயதானவர்களுக்கு ஆகஸ்டிலும் குளிரும். மேலே ஒரு போர்வை போட்டேன். தணலைக் கிளறிவிட்டேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன். ஈரக் காற்றில் அந்தக் கதவு ஊதிக்கொள்ளும். பலங்கொண்டு இழுத்துத்தான் பொருத்த வேண்டும், திறக்க வெளியிலிருந்து தோளை வைத்துத் தள்ள வேண்டும், ஒரு கிழவியால் உள்ளேயிருந்து திறக்க முடியாது. பிறகு மூத்த குடியின் நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். அதிகாலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவள். உட்கார்ந்தது சுகமாக இருந்தது.

நடுவில் பலர் வந்தார்கள். பாதிரியார் வந்து, "எழுந்துட்டாங்களா?" என்றார். பெர்த்தா வந்து, "குறட்டை சத்தத்தையே காணோம், அதிசயமா இருக்கு," என்றாள். இருவரிடமும், தூங்கட்டும், பாவம் என்றேன். மேளமும் எக்காளமும் முழங்கிக்கொண்டிருந்தன. கடைசியில் தகடு திறக்கும் நேரம் வந்து கதவைத் தள்ளியபோது, முதலில் எட்டிப் பார்த்தவர்கள், கன்னம் எவ்வளவு சிவப்பாக இருக்கிறது, எவ்வளவு நல்ல தூக்கம் என்றுதான் சொன்னார்கள். அந்தச் சிவப்பு, போக வழியில்லாத தணலின் நச்சுக் காற்றை மூச்சிழுத்துச் செத்தவர்களுக்கு வருவது என்று மருத்துவர்தான் சொன்னார். தெக்லா அத்தை கட்டிலில் இல்லை, கதவோரம் தரையில் தூங்குகிறவர் போலக் கிடந்தார் என்பதைக் கார்ல் எழுதவில்லை. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தகட்டை அன்று திறக்கவில்லை. அடுத்த வாரம் திறப்பதாகச் சொல்கிறார்கள். என்னால் வர முடியாது என்று தெரிவித்துவிடுங்கள்.

நான் செய்ததற்குக் காரணத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். ஒரு மாவட்டம் முழுவதும் தன்னைப் பற்றி நல்லதாக நம்புகிற ஒன்றை ஒரு கிழவியின் ஒரு மதியப் பேச்சு உடைத்துவிடாமல் காப்பாற்றினேன். அதில் எனக்கென்று ஒன்றும் இல்லை. நீதிபதிக்கு அது புரியும்.

எழுதியதை மேலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஒன்றை விட்டுவிட்டிருக்கிறேன். முழுமைக்காக அதையும் எழுதிவிடுகிறேன்.

போர்வை போட்டபோது தெக்லா அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதேம்மா. நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல," என்றார். "அந்தப் புள்ளைங்க சட்டியத் தூக்கிட்டு வந்ததப் பாத்தியா? என்ன சந்தோஷம் அதுங்களுக்கு. நான் எதுக்குக் கெடுக்கணும்? ரெண்டு வார்த்தை நன்றி சொல்லிட்டு, எலுமிச்சைச் சாறு குடிச்சுட்டு உக்காந்துக்குறேன். எங்கம்மா வந்து கதவத் தட்டுனான்னு யாராச்சும் ஒருத்தருக்குத் தெரியணும்னு இருந்துச்சு, அவ்வளவுதான். இப்ப உனக்குத் தெரியும். போதும்."

சரி அத்தை, தூங்குங்கள் என்றேன். அதற்குப் பிறகுதான் தணலைக் கிளறியதும் கதவைச் சாத்தியதும்.

வாத்தியக்காரர்கள் இரண்டாவது பாட்டைத் தொடங்கியபோது உள்ளேயிருந்து கதவு தட்டப்பட்டது. பலமாக இல்லை. உள்ளங்கையால் தட்டுவது போல, விட்டு விட்டு. என் முதுகுக்கு நேர் பின்னால் இருந்ததால் எனக்கு மட்டும் கேட்டது. அப்போது பாதிரியாரின் மனைவி என்னோடு பேசிக்கொண்டிருந்தார். என் பேச்சு ஒரு கணம் நின்றது, பிறகு தொடர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றுவிட்டது.

தகட்டில் இருக்கிற வாக்கியத்தைப் பற்றி நேற்றிரவு இங்கே படுத்தபடி யோசித்துப் பார்த்தேன். அதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆர்ஃபா கிட்ரிட்ஜ்